தங்கபுஷ்பத்தோட போட்டோ கழுத்தத் திருப்புன கதை

உப்புக்குறிச்சிக்குப் போயி, இங்க ஒரு போட்டோ தலையத் திருப்புச்சாமேன்னு கேட்டுப் பாருங்க. எப்படித் திரும்புச்சுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாவ, அது அவங்களுக்கு ஒரு விசயமே கிடையாது. எந்தப் பக்கம் திரும்புச்சு, யாரப் பாத்துத் திரும்புச்சு, அந்நேரம் அந்த ஆளு மூஞ்சி போன போக்கு என்னன்னு கேட்டீங்கன்னா மட்டும் டீக்கடை பெஞ்சுல தள்ளி ஒக்காந்து எடம் குடுத்து, வடைய வாங்கிக் கையில திணிச்சு, பொழுது சாயுற வரைக்கும் நடிச்சே காட்டிருவாவ.

போட்டோவுல இருந்தது தங்கபுஷ்பம். வயசு இருபத்தொம்பது. ஊருக்கு வெளிய உப்பளத்து ரோட்டுல லாரிய எடை போடுற எடைமேடை இருக்குல்லா, அதுல கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஒக்காந்து சீட்டுக் குடுக்குறது அவதான். நல்ல முடி, நல்ல பல்லு, எடக்குமடக்கான வாயி. எடது கன்னத்துல மட்டும் பொறக்கும்போதே வந்த ஒரு மச்சம். மச்சம்னதும் மிளகு அளவு, உளுந்து அளவுன்னு நெனச்சுக்கிடாதிய. கண்ணுக்குக் கீழ கூம்பலா ஆரம்பிச்சு, தாடைக்கு வரும்போது அகண்டு, நாவப்பழம் தின்ன வாய அதுல தொடச்ச மாதிரி கருநீலமா, அப்படியே இலங்கைப் படம். நாலாங்கிளாசுல மேப்பு போடும்போது வாத்தியாரே இவள ஒருதரம் திரும்பிப் பாத்துட்டுத்தான் போர்டுல வரைஞ்சாருன்னு ஒரு பேச்சு உண்டு. அன்னையிலேர்ந்து ஊருக்குள்ள அவ பேரு சிலோன்.

அவ அம்மா செல்லக்கனிக்கு இருபத்தொம்பது வருசமா ஒரே வேலைதான், அந்த இலங்கைய மறைக்கிறது. பஸ்ஸுல ஏறுனா மகள எடது ஜன்னலோரமா ஒக்கார வைப்பா, கோயிலுக்குப் போனா எடது பக்கம் தூணு நிக்கிற எடமாப் பாத்து நிறுத்துவா, கல்யாண வீட்டுல வீடியோக்காரன் லைட்டத் தூக்கிட்டு வந்தா பந்தியிலேர்ந்து எச்சிக்கையோட எந்திரிச்சு தானே குறுக்க விழுவா. எடைமேடையில வேல கெடச்ச அன்னைக்கும் கூடவே போயி, வலது கன்னம் மட்டும் லாரி நிக்கிற பக்கத்து ஜன்னல்ல தெரியுற மாதிரி நாற்காலிய ஒருக்களிச்சுப் போட்டு, அது அங்கிட்டு இங்கிட்டு அசையாம நாலு காலுக்கும் செங்கல் முட்டுக் குடுத்துட்டுத்தான் வந்தா. கூண்டுக்கு மறுபக்கத்துல இன்னொரு ஜன்னல் உண்டு, கடக்காத்து வரட்டும்னு தொறந்தே கெடக்கும். சீட்டு வாங்குன லாரி கூண்ட ஒரு சுத்துச் சுத்தி அந்தப் பக்கமாத்தான் ரோடேறும். சீட்டு வாங்குனவன் எதுக்குத் திரும்பிப் பாக்கப் போறான்னு செல்லக்கனி அந்த ஜன்னல விட்டுட்டா.

ரெண்டு வருசத்துக்கு முன்னால மாப்பிள்ள பாக்க ஆரம்பிச்சப்ப, மகளக் கூட்டிக்கிட்டு கிளாட்சன் அண்ணாச்சி ஸ்டூடியோவுக்குப் போனா செல்லக்கனி. நீலத் திரைக்கு முன்னால முக்காலியில ஒக்கார வச்சு, தானே மோவாயப் புடிச்சுத் திருப்ப ஆரம்பிச்சா. இன்னும் திரும்பு, இன்னும், இன்னும் கொஞ்சம்.

“யம்மா, இதுக்கு மேல திருப்புனா முதுகுதான் வரும்”ன்னாரு கிளாட்சன் அண்ணாச்சி.

“வந்தா வரட்டும் அண்ணாச்சி. எம்மவளுக்கு நல்ல முதுகு.”

அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம். போட்டோ எடுத்து முடிச்சதும் ‘ஆச்சு’ன்னு ஒரு வார்த்த சொல்லுவாரு. அதச் சொன்னாத்தான் புடிச்சு வச்ச மூச்ச விடலாம், விறைச்ச கழுத்த எறக்கலாம். காதுகுத்துக்கு வந்தவங்க, கல்யாணத்துக்கு வந்தவங்க, ஆதார் கார்டுக்கு வந்தவங்கன்னு முப்பது வருசமா அந்த ஊரு மொத்தமும் அந்த ஒத்த வார்த்தைக்குத்தான் மூச்சு விட்டிருக்கு. அன்னைக்குப் பாத்து, கிளிக்குன்னு அவரு அமுக்கவும், மழை வருது வத்தல் நனையுதுன்னு மாடியிலேர்ந்து வீட்டம்மா சத்தங்குடுக்கவும் சரியா இருந்துச்சு. மனுசன் கேமராவ ஸ்டூல்ல வச்சுட்டு மாடிப்படியில ஓட்டமா ஓடிட்டாரு. தங்கபுஷ்பம் கொஞ்ச நேரம் திருப்புன கழுத்தோட அப்படியே இருந்தா, அப்புறம் அம்மாக்காரி கையப் புடிச்சு இழுக்கவும் எந்திரிச்சுப் போயிட்டா. இவ போயிட்டா. போட்டோவுக்கு யாரு சொன்னா?

அந்தப் போட்டோதான் இருபத்துமூணு காப்பியா, தரகர் பால்வண்ணம் அக்குள்ல இடுக்குன தோல்பையில ஏறி, இருபத்துமூணு ஊருக்குப் போச்சு. “மறுபக்கமும் இப்படித்தான இருக்கும்”ன்னு விவரமா யாராவது கேட்டா, “அதென்ன தோசையா, திருப்பிப் போட்டுப் பாக்க”ம்பாரு பால்வண்ணம். போட்டோவப் பாத்து மயங்கி வேன் புடிச்சு வந்தாவ. கேசரிய வழிச்சுத் தின்னாவ. தங்கபுஷ்பம் காப்பித் தட்டோட வந்து, கொடுத்துட்டுத் திரும்பும்போது எப்படியாவது சிலோன் தெரிஞ்சு போகும். காப்பிக் கப்ப மெல்லக் கீழ வச்சுட்டு, “நல்ல பிள்ள. போயி போன் பண்ணுதோம்”னுட்டு வேன்ல ஏறிருவாவ. போன் அடிக்கவே அடிக்காது. ஜாதகத்தையும் போட்டோவையும் திருப்பி அனுப்புறதுதான் மொற, அதையும் ஒருத்தரும் செய்யல. இருபத்துமூணு வீட்டுப் பீரோவுல, இன்சூரன்சு பேப்பருக்கும் பட்டுச்சேலைக்கும் நடுவுல, தங்கபுஷ்பம் கழுத்தத் திருப்புனது திருப்புனபடி கெடந்தா.

எத்தன நாளைக்குத்தான் கெடப்பா.

ஒரு செவ்வாக்கெழம, காலம்பற பதினோரு மணி இருக்கும், ஏரல் ஊருல ஒரு பாத்திரக்கடைக்காரர் வீட்டுல பால்வண்ணம் புதுசா ஒரு காப்பி எடுத்து நீட்டுதாரு. மாப்பிள்ளையோட அம்மா கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஜன்னல் வெளிச்சத்துல வச்சுப் பாக்குதாவ. போட்டோவுல இருந்தவ துரு ஏறுன கேட்டத் தொறக்குற மாதிரி பைய தலையத் திருப்புனா. வலது கன்னம் போயி மூக்கு வந்து, மூக்கு போயி எடது கன்னம் வந்து, யாழ்ப்பாணத்துலேர்ந்து காலி வரைக்கும் மொத்த இலங்கையும் வெளிச்சத்துல வந்து நின்னுச்சு. கழுத்துல நெட்டி முறிஞ்ச சத்தங்கூடக் கேட்டுச்சும்பாரு பால்வண்ணம்.

“தரகரே, கன்னத்துல இது என்னது?”ன்னு அந்தம்மா கேட்டாவ. திரும்புனதப் பத்தி ஒரு வார்த்த கேக்கல.

“அது பிரிண்டுல மை கொட்டிருச்சுக்கா.”

“மை கொட்டுனா கண்ணு ஏன் என்னைய மொறைக்கி?”

பால்வண்ணம் பையத் தூக்கிட்டு நேரா கிளாட்சன் அண்ணாச்சிகிட்ட வந்து எகிறுனாரு. அண்ணாச்சி போட்டோவக் கையில வாங்கி, மூக்குத்தண்டத் தடவிக்கிட்டு யோசிச்சுப் பாத்து, “வத்தல்”ன்னாரு.

“என்ன வத்தல்?”

“அன்னைக்கு வத்தல அள்ள ஓடுனேன். ஆச்சு சொல்லல. ரெண்டு வருசம் ஓய். பாவம், கழுத்து என்னத்துக்காவும்?”

“அப்ப இப்பச் சொல்லும்.”

அண்ணாச்சி தொண்டையச் செருமிக்கிட்டு, போட்டோவப் பாத்து மரியாதையா ‘ஆச்சும்மா’ன்னாரு. போட்டோ அவர ஒரு பார்வ பாத்துட்டு வெடுக்குன்னு அந்தப் பக்கம் திரும்பிக்கிடுச்சு. “கோவத்துல இருக்கு”ன்னாரு அண்ணாச்சி. “நான் சொன்னா இனிமே கேக்காது.”

அதே செவ்வாக்கெழம, அதே பதினோரு மணிக்கு மத்த இருபத்துமூணு வீட்டுப் பீரோவுலயும் கரகரன்னு சத்தம். எலின்னு நெனச்சுத் தொறந்து பாத்தவங்கள எடது கன்னத்தோட நிமுந்து பாத்துச்சாம் போட்டோ. மூடி வச்சா மறுபடி கரகர. பட்டுச்சேலைய எடுக்கப் போனா பாக்குது, பத்திரத்த எடுக்கப் போனா பாக்குது. ஒரே வாரத்துல ஒவ்வொருத்தரா பஸ்ஸேறி, மறந்துபோன ஜாதகத்தையும் சேத்து எடுத்துக்கிட்டு, செல்லக்கனி வீட்டு வாசல்ல வந்து தலையச் சொறிஞ்சாவ. “திருப்பித் தரணும்னுதான் இருந்தோம், நேரம் வாய்க்கல.” செல்லக்கனி மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டே அத்தன பேருக்கும் மறுபடியும் காப்பி போட்டா. வந்த போட்டோவ எல்லாம் தங்கபுஷ்பத்தோட அப்பா பேசாம பிரேம் போட்டு கூடத்துச் செவுத்துல வரிசையா மாட்டிட்டாரு. அவரு அதிகம் பேசுற ஆளு இல்ல, ஆணி அடிக்கிற ஆளு.

ஊருக்கு அப்புறம் கொண்டாட்டந்தான். அந்தப் போட்டோ பிடிச்சதப் பாத்துத் திரும்புது, பிடிக்காதத விட்டுத் திரும்புதுன்னு ரெண்டே நாள்ல கண்டுபுடிச்சுட்டாவ. மீன்காரி சீலா மீனத் தூக்கிக் காட்டி இன்னைக்குப் புடிச்சதுன்னு சத்தியம் பண்ணுனா, ஒரு போட்டோவக் கொண்டாந்து முன்னால நீட்டுவாவ. அது மொகத்தத் திருப்புச்சுன்னா மீன்காரி தானா அடுத்த தெருவுக்குப் போயிருவா. தண்ணி நாளைக்கு வரும்னு வார்டு மெம்பர் சொல்ல வந்தாரு, ‘ஏல, சிலோனக் கொண்டாங்க’ன்னு எவனோ ஒருத்தன் கூட்டத்துல கத்துனான், அதுக்கே மெம்பர் வியர்த்துப் போயி அன்னைக்கே தண்ணி விட்டுட்டாரு. ஹெட்மாஸ்டர் மட்டும் இது கடக்காத்து ஈரத்துல பேப்பர் சுருங்குறதுன்னு வௌக்கம் சொன்னாரு. அவரு சொல்லி முடிக்கிறதுக்குள்ள போட்டோ கொட்டாவி விட்டுச்சு.

கூட்டம் இப்படிக் கும்மாளம் போட, செல்லக்கனி மட்டும் வாசக்கதவச் சாத்திட்டு உள்ள ஒக்காந்துட்டா. மூடி மூடி வச்சது இப்பத் தெருத் தெருவாப் போயிட்டு வருது. இனிமே எந்த மாப்பிள்ள வருவான்? அப்பத்தான் அவளுக்கு அரிச்சந்திரன் ஞாபகம் வந்துச்சு. செல்லக்கனிக்கு ஒண்ணுவிட்ட தம்பி, நாசரேத்துப் பக்கம் ரைஸ்மில் வச்சிருக்காரு. மொத சம்சாரம் போயி ஆறு வருசம். வயசு நாப்பத்தெட்டு, அவர்கிட்ட கேட்டா முப்பத்தெட்டு. பேருதான் அரிச்சந்திரன், மணி என்னன்னு கேட்டாக்கூட பத்து நிமிசம் கூட்டித்தான் சொல்லுவாரு.

வந்தாரு, தாராளமா ஒத்துக்கிட்டாரு. “எனக்கு மச்சம் ஒரு பிரச்சனையே இல்லக்கா. ஆனா மில்லுக்கு நாலு பேரு வருவாவ போவாவ. பிள்ள பின்கட்டுல இருந்துக்கிடட்டும். முன்வாசப் பக்கம் வர வேண்டாம். எடைமேடையும் வேண்டாம். ராணி மாதிரி உள்ளேயே வச்சுக் காப்பாத்துதேன்.”

அவரு போனதும் தங்கபுஷ்பம் கேட்டா, “யம்மா, இருபத்தொம்பது வருசம் நீ என்னைய ஒருக்களிச்சு வச்ச. மிச்சத்துக்கு அவரா?”

“வேற எவன் வாரான், சொல்லு பாப்போம்.”

“வராட்டா என்ன?”

“எனக்குப் பெறவு ஒனக்கு யாரு இருக்கா? இருந்த ஒரு பக்கத்தையும் இந்தச் சனியன் புடிச்ச போட்டோ கெடுத்துப்போட்டு”ன்னு சொல்லிட்டு மூக்கச் சிந்துனா செல்லக்கனி. அவ அழுதா தங்கபுஷ்பத்துக்குத் தாங்காது. அது செல்லக்கனிக்கும் தெரியும். புதன்கெழம பூ வைக்கிறதுன்னு முடிவாகிப் போச்சு.

மறுநாள் எடைமேடையில, வழக்கமா உப்பு ஏத்திக்கிட்டு வர்ற டிரைவர் தவசிமுத்து லாரியிலேர்ந்து எட்டி சீட்ட வாங்கும்போது கேட்டான், “என்ன பிள்ள, மூஞ்சி தொங்கிட்டு?”

“டிரைவரே, எடை பாத்தாச்சுல்லா, வண்டிய எடும்.”

“நீ திட்டுறதுல இன்னைக்கு எடை கொறையுதே”ன்னுட்டுப் போனான் அவன். புதன்கெழமையோட இந்தக் கூண்டும் இல்ல, இந்த லாரிச் சத்தமும் இல்ல, சீட்டுக்கு எட்டி நீளுற இந்தக் கையும் இல்லன்னு நெனச்சப்ப, செங்கல்லு நாற்காலிக் காலுக்கு இல்ல, தன் கழுத்துக்குத்தான் முட்டுக் குடுத்திருக்குன்னு தோணுச்சு அவளுக்கு.

புதன்கெழம காலையில கூடம் கொள்ளாத கூட்டம். பூ வைக்கிறதப் பாக்க யாரும் வரல, செவுத்துல இருக்குற இருபத்துமூணும் எந்தப் பக்கம் திரும்பும்னு பாக்கத்தான் வந்தாவ. அரிச்சந்திரன் தாம்பாளத்தோட, தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு, தலைக்கு மை அடிச்சு, சென்ட்டு மணக்க வந்து ஒக்காந்தாரு.

“வயசு முப்பத்தெட்டு நடக்குது”ன்னு பேச்ச ஆரம்பிச்சாரு. இருபத்துமூணு போட்டோவும் கொஞ்சம் திரும்புச்சு. “மில்லுல பத்துப் பேரு வேல பாக்காவ”ன்னாரு. இன்னும் கொஞ்சம் திரும்புச்சு. “மொதச் சம்சாரத்த நான் ஒரு வார்த்த கடிஞ்சு பேசுனதில்ல”ன்னாரு. அம்புட்டுத்தான், இருபத்துமூணு கழுத்தும் ஒண்ணாச் சேந்து, காது போயி, தோடு போயி, பின்னந்தலை வந்து, பின்னல் வந்து, பின்னல்ல வச்ச கனகாம்பரச் சரமும் வந்து நின்னுச்சு. அந்த முதுக எந்தக் கேமராவும் எடுத்ததில்ல. கூட்டத்துல ஓரமா நின்ன கிளாட்சன் அண்ணாச்சி, “நல்ல முதுகுதான்”ன்னு வாய்க்குள்ள சொல்லிக்கிட்டாரு.

“என்னண்ணே, எல்லாத்தையும் செவுத்தப் பாத்து மாட்டியிருக்காவ?”ன்னு கேட்டா அரிச்சந்திரனோட தங்கச்சி.

அரிச்சந்திரன் விருட்டுன்னு எந்திரிச்சு ஒரு பிரேமக் கழட்டித் திருப்புனாரு. பின்பக்கத்து அட்டையில தங்கபுஷ்பத்தோட மொகம் இருந்துச்சு. அவர மேலயும் கீழயும் ஒரு தடவ பாத்துட்டு, அட்டையில இருந்தபடியே மறுபடி முதுகக் காட்டிருச்சு.

அந்நேரம் பாத்து உள்ளேயிருந்து காப்பித் தட்டோட வந்தா தங்கபுஷ்பம், அம்மா சொல்லிக்குடுத்தபடி எடது பக்கம் முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டு, கழுத்தத் திருப்பி வச்சுக்கிட்டு. செவுத்துல வரிசையா தன்னோட பின்னல் இருபத்துமூணு. பாத்ததும் அவ கழுத்துலயும் சுரீர்னு ஒரு வலி. யோசிச்சுப் பாத்தா, ஊரெல்லாம் அந்தப் போட்டோகிட்ட மீனு நல்லதா, மெம்பர் நல்லவரான்னு கேட்டுச்சே தவிர, உனக்கு எப்படி இருக்குன்னு ஒருத்தரும் கேக்கல. அவளும் கேக்கல. தட்டக் கீழ வச்சா. முந்தானைய எடுத்து இடுப்புல சொருகுனா. செவுத்துகிட்ட போயி நின்னா.

“ஏட்டி, கழுத்து வலிக்கா?”

பின்னல் எல்லாம் அசைஞ்சுச்சு. இருபத்துமூணு தலையும் பையப் பையத் திரும்பி, அரைக்கன்னம் தெரிய அவளப் பாத்துச்சு.

“எனக்கும்தான்டி”ன்னா தங்கபுஷ்பம். “ரொம்ப வருசமா வலிக்கி. போதும். ஆச்சு. தலைய எறக்கி நேராப் பாரு.”

பாத்துச்சு. ரெண்டு வருசத்துல மொத தடவையா, வலது கன்னமும் எடது கன்னமும் ஒண்ணா, மூக்கு நடுவுல, கண்ணு ரெண்டும் நேரா. இருபத்துமூணு தங்கபுஷ்பத்துக்கும் முன்னால இருபத்துநாலாவதா அவளும் அதே மாதிரி கூட்டத்தப் பாத்துத் திரும்பி நேரா நின்னா. முப்பது வருசமா ‘ஆச்சு’ங்கிற வார்த்தைக்கே மூச்சு விட்டுப் பழகுன ஊரு இல்லியா, கூடத்துல இருந்த அத்தன பேரும் எப்பப் புடிச்சு வச்சதுன்னே தெரியாத மூச்ச பெருசா விட்டாவ, தோள எறக்குனாவ, கழுத்த இப்படியும் அப்படியும் ஆட்டி நெட்டி முறிச்சாவ. எல்லாரையும் விட பெரிய மூச்சு வந்தது அடுப்பாங்கரை வாசல்லேர்ந்து. இருபத்தொம்பது வருச மூச்சு. விட்டுட்டு செல்லக்கனி அப்படியே தரையில ஒக்காந்து, பொறந்தன்னைக்குப் பாத்த மாதிரி மகளோட மொகத்த முழுசாப் பாத்துக்கிட்டே இருந்தா.

அரிச்சந்திரன் தாம்பாளத்தத் தூக்கவா வைக்கவான்னு முழிச்சாரு.

“மாமா, காப்பி ஆறுது, குடிச்சுட்டுப் போங்க”ன்னா தங்கபுஷ்பம். “நாங்க போன் பண்ணுதோம்.”

இருபத்துமூணு வேன் சொல்லிட்டுப் போன அந்த வார்த்தைய அவ திருப்பிச் சொன்னதும் கூடம் சிரிச்ச சிரிப்புல ஒரு பிரேம் ஆணியோட விழுந்துச்சு. அவ அப்பா எந்திரிச்சுப் போயி மறுபடியும் ஆணி அடிச்சாரு.

வியாழக்கெழம காலையில எடைமேடைக்கு வந்ததும் மொத வேலையா நாலு செங்கல்லையும் காலால எத்தி வெளிய தள்ளுனா. நாற்காலிய ஜன்னலப் பாத்து நேராப் போட்டா. மொத லாரி தவசிமுத்துவோடது. அவ மூஞ்சிய நீட்டிக்கிட்டு, இவன் என்ன சொல்லப் போறான்னு காத்துக்கிட்டு இருக்கா, அவன் சீட்ட வாங்கி சட்டப்பையில வச்சுட்டு, “என்ன பிள்ள, செங்கல்லு எல்லாம் வெளிய கெடக்கு, வீடு கட்டப் போறியா?”ங்கான்.

“வேற ஒண்ணும் தெரியலயா ஒமக்கு?”

“என்ன தெரியணும்?”

“எங்கன்னம்.”

“அதத்தான ஒம்பது வருசமா பாக்குதோம்”ன்னான் தவசிமுத்து. “சீட்டு வாங்கிட்டு இப்படிச் சுத்தி ரோடேறும்போது அந்தப் பக்கத்து ஜன்னல் தொறந்துதான கெடக்கு. எல்லா டிரைவரும் பாப்பாவ. நான் கொஞ்சம் பைய ஓட்டுவேன்.”

தங்கபுஷ்பம் திரும்பி அந்தப் பக்கத்து ஜன்னல ஒரு தடவ பாத்தா. அப்புறம் கையக் கண்ணாடிக்கு வெளிய நீட்டி, “ஒம்ம போட்டோ ஒண்ணு குடும்”ன்னா.

“எதுக்கு?”

“எம்போட்டோவ இருபத்துமூணு வீட்டுல பாத்தாவ. நான் ஒரு போட்டோவாவது பாக்க வேண்டாமா? பாத்துட்டு போன் பண்ணுதேன்.”

அவன்கிட்ட இருந்தது லைசென்சுக்கு எடுத்த போட்டோதான். அங்க யாரு ‘ஆச்சு’ சொல்லுதாவ, ‘அடுத்த ஆளு’ன்னுதான் சொல்லுவாவ. அதனால போட்டோவுல அவன் விறைச்சுப் போயி, மூச்சப் புடிச்சுக்கிட்டு, நெத்திக்கு நேரா பாத்துக்கிட்டு இருந்தான். அத மேசையில தனக்கு வலது பக்கமா சாச்சு வச்சுட்டு வேலையப் பாத்தா தங்கபுஷ்பம். ஒம்பது லாரி போச்சு. பத்தாவது லாரிக்கு சீட்டுக் கிழிக்கும்போது ஓரக்கண்ணால பாக்குதா, போட்டோவுல இருந்தவன் பையத் தலையத் திருப்பி, கழுத்த ஒரு சாண் நீட்டி, பைய ஓட்டுற டிரைவர் எட்டிப் பாக்குற மாதிரி, அவளோட மறுபக்கத்தப் பாக்க எக்கிக்கிட்டு இருக்கான்.

அவ சிரிச்சுக்கிட்டே அத எடுத்து எடது பக்கம் வச்சா. ‘ஆச்சு’ன்னு மட்டும் சொல்லவே இல்ல.